வயிற்று வலி என்று எழுதினார்கள்

நனைந்த காக்கித் துணிக்கென்று ஒரு வாசனை உண்டு. கஞ்சியும் வியர்வையும் மழைத் தண்ணீரும் கலந்து, ஈரச் சாக்கை அடுப்புப் பக்கத்தில் காயப் போட்ட மாதிரி.

போன மாதம் செங்கோட்டை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சாரலில் நனைந்த ஒரு போலீஸ்காரர் ஏறி என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்ன வயசு. முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. வாசனை மட்டும் வந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அது நான் இறங்க வேண்டிய ஊரே இல்லை.

சாலையோரம் நின்றேன். வயலில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. மலையின் பாதியை மேகம் தின்றிருந்தது. என் வாய் தானாக முணுமுணுத்தது. கவர்டு வித். டிரெஸ்டு இன். ஃபவுண்டு இன்.

போன வாரம் இந்தத் தொடரில், நான் பாடம் எடுத்த டுடோரியலின் மாடிப்படியோடு நிறுத்தியிருந்தேன். அந்தப் படியில் ஏறி வந்த ஒருவரைப் பற்றி எழுதாமல் பல வாரமாகச் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன். தவில்காரரைப் பற்றி எழுதினேன், ரயில்வே கேட்டைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் வேறு போக்கிடம் இல்லை.

முன் பெஞ்சில் ஒரு தொப்பி

தென்காசியில் தேரோடும் தெருவுக்குப் பின்னால் ஒரு நெல் கிட்டங்கி. அதன் மாடியில் எங்கள் டுடோரியல். எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியவர்களைத் தூக்கி நிறுத்தும் இடம். எனக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல், ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மாடியில் பையன்கள் ராகம் போட்டு "கோ வெண்ட் கான்" என்று கத்துவார்கள். கீழே மூட்டை சுமப்பவர்கள் அதே ராகத்தில் "தூக்கு, ஏத்து, போடு" என்று திருப்பிக் கத்துவார்கள். நெல் தூசியில் எல்லோருமே தும்முவோம். ஆங்கிலம் என்றாலே எனக்கு இன்றைக்கும் மூக்கு அரிக்கும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பையன்களில் பாதிப் பேர் பெஞ்சுக்கு அடியில் குனிந்தார்கள். ஏறி வந்தவர் ஏட்டு. ஹெட் கான்ஸ்டபிளை ஊரில் ஏட்டையா என்றுதான் சொல்வோம். பெயர் சங்கரபாண்டியன். நாற்பத்தைந்து வயதுக்கு மேல். மீசையில் நரை. குற்றாலத்தில் அருவிக் காவல்.

"யாரைத் தேடுதீய?" என்றேன்.

"உங்களைத்தான் சார்வாள். நான் எட்டாப்பு. இங்கிலீசு எழுத்து தெரியும், கூட்டி வாசிப்பேன். அதுக்கு மேல ஓடாது. இலாகா பரீட்சைல இங்கிலீசு தேறினாத்தான் எஸ்.ஐ. இல்லன்னா சாவுத மட்டும் குத்தாலத்துல பொணந்தான் தூக்கணும்."

"பொணமா?"

"பின்ன? சீசன்னா உங்களுக்குக் குளி, எண்ணெய், வடை. எங்களுக்கு அதுதான் அறுவடை."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் பெஞ்சுப் பலகையில் இடித்தது. என்னைவிட இருபது வயது மூத்தவருக்கு நான் எப்படிப் பாடம் எடுப்பது என்று திணறினேன். அவரை அண்ணாச்சி என்றேன். அவர் என்னைக் கடைசி வரை சார்வாள் என்றுதான் கூப்பிட்டார்.

எந்தப் பெண்ணை எந்த ஊரில்

அவருக்கு மூளையில் ஏறிய பாடம் ஒன்றே ஒன்றுதான். வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம். கோ வெண்ட் கானில் அந்தக் கான். அதன் பக்கத்தில் வித், இன், ஆஃப், டு, பை என்று ஒரு சின்னச் சொல்லை உட்கார வைத்தால் ஒரு வர்ணனை பிறந்துவிடும். கவர்டு வித் டஸ்ட், தூசி மூடிய. டிப்ரைவ்டு ஆஃப் ஸ்லீப், தூக்கம் இழந்த.

எதற்கு எந்தச் சின்னச் சொல் என்று ஏட்டையா விதி கேட்டார். விதி கிடையாது என்றேன். எந்த வீட்டுப் பெண்ணை எந்த ஊரில் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றேன். அவருக்கு அது பிடித்துப்போனது.

"மேரீடு?" என்று கேட்பேன்.

"மேரீடு டு. வித் போட்டா தப்பு. மை டாட்டர் மேரீடு டு மிலிட்டரி."

பையன்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஒரே மகள், பேச்சி. தாய் இல்லாமல் இவர் கையில் வளர்ந்த பிள்ளை. ஆய்க்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பட்டாளத்துக்காரனுக்குக் கொடுத்திருந்தார். பேத்திக்கு மூன்று வயது. அந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம்.

உதாரண வாக்கியம் சொல்லச் சொன்னால் அவருக்கு வருவதெல்லாம் ஒரே மாதிரி. "எ மேன், ஃபவுண்டு இன் தி ரிவர், டிரெஸ்டு இன் வேட்டி, கவர்டு வித் மட்."

பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான். "சார், ஏட்டையா வாக்கியத்துல ஒருத்தனாச்சும் உசுரோட வருதானான்னு பாருங்க!"

"ஒம் பேரு என்னலே? சொல்லு. நாளைக்கு ஒன்னையும் வாக்கியத்துல சேத்துருதேன்."

இன்னொரு நாள் 'பை' பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். செய்தவனைச் சொல்ல வேண்டுமானால் கடைசியில் பை போட்டு அவன் பெயரைச் சேர்க்கலாம். பீட்டன் பை ஹிஸ் பிரதர், அண்ணனால் அடிக்கப்பட்ட.

"பை போடாட்டா?"

"போடாமலும் எழுதலாம். பீட்டன், அவ்வளவுதான். யார் அடித்தது என்று சொல்ல வேண்டியதில்லை."

ஏட்டையா பலகையைத் தட்டிச் சிரித்தார். "அடிச்சவன் இல்லாமலே அடி விழுதா! இது போலீஸ்காரனுக்குன்னே செஞ்ச பாசைல்லா சார்வாள்!"

எனக்கும் சிரிப்பு வந்தது. அன்று ராத்திரி படுத்துக்கொண்டு அதையே யோசித்தேன். தமிழிலும் எழுதலாம்தான். அடிக்கப்பட்ட, கட்டப்பட்ட, கைவிடப்பட்ட. எழுதினால் ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு 'பட்ட' ஒட்டிக்கொண்டு வருகிறது. பாடுபட்ட, அவதிப்பட்டதில் வரும் அதே பட்ட. ஆனால் எங்கள் தெருவில் வாய் திறந்து யார் அப்படிப் பேசுகிறார்கள்? "அவன் போட்டு அடிச்சான்" என்றுதான் சொல்வார்கள். பேச்சில் ஆள் ஒளிய முடியாது. எழுத்தில்தான் அவனுக்கு இடம் இருக்கிறது.

மருமகள்களுக்கு மட்டும் வரும் நோய்

ஒரு நாள் வகுப்பு முடிந்து பையன்கள் போனபிறகும் அவர் உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு வரி வேணும் சார்வாள். அடிக்கடி தேவைப்படுது. தீராத வயித்து வலியால அவதிப்பட்டு. இத இங்கிலீசுல எப்படிச் சொல்லுதது?"

சொன்னேன். அஃப்லிக்டெட் வித். வாயில் நாலைந்து தடவை உருட்டிப் பார்த்தார். "அஃப்லிக்டெட் வித் ஸ்டமக் ஏக். நல்லாருக்கு. கோர்ட்டுல நிக்கும்."

எனக்கு அந்த வயிற்று வலியைத் தெரியும். தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? நான் சிறுவனாக இருக்கும்போது மேலத் தெருவில் ஒரு மருமகள் கிணற்றில் விழுந்தாள். வயிற்று வலி. தெப்பக்குளத்தில் ஒருத்தி. வயிற்று வலி. அரளி விதையை அரைத்துக் குடித்தவளுக்கும் அதுவே. ஆண்களுக்கு வராமல், பிறந்த வீட்டில் இருக்கும்வரை வராமல், வாக்கப்பட்டுப் போன பெண்களுக்கு மட்டும் வரும் ஒரு நோய் என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். என் அம்மா ஒரு நாள் அடுப்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நான் ஓடிப்போய்க் கிணற்றடிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு அதன் மேல் சாய்ந்து நின்றேன். அவளுக்கு அது வெறும் வாயுதான். கதவை விடமாட்டேன் என்று நான் அழுததை அப்புறம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

ஏட்டையா எனக்கு வேலை நடக்கும் விதத்தைச் சொன்னார். திடீர்ச் சாவு என்றால் அந்த ஊரில் ஐந்து பெரிய மனிதர்களைக் கூட்டி, பிணத்தைக் காட்டி, எப்படிச் செத்தது என்று அவர்களிடம் கேட்டு, கையெழுத்து வாங்க வேண்டும். பஞ்சாயத்தார் என்று அவர்களுக்குப் பெயர். சந்தேகம் என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் உடம்பு தென்காசி ஆஸ்பத்திரிக்கு அறுக்கப் போகும். கேஸ், கோர்ட்டு, வாய்தா. எல்லோரும் வயிற்று வலி என்றால் அங்கேயே எடுத்துக் கொடுத்துவிடலாம்.

"அது பொய்தானே அண்ணாச்சி?"

"பொய்தான். யாரு இல்லன்னா? செத்தவ எந்திரிச்சு வரப்போறாளா? அவ பிள்ளைய நாளைக்கு யாரு வளப்பா? இந்த வீட்டுக்காரந்தான வளக்கணும். அவனக் கொண்டு உள்ள வச்சுட்டா? அறுக்காமத் தூக்கிட்டுப் போயி எரிக்கட்டும்னு விட்டுருதோம். அதுவும் ஒரு புண்ணியம்தான் சார்வாள்."

கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தி மட்டும் ஒத்துக்கிடல. சுந்தரபாண்டியபுரத்துக்காரி. மவ ஐந்தருவிக்கு மேல போயி விழுந்துட்டா. தாய்க்காரி என் சட்டையப் புடிச்சுக்கிட்டு, எம் மவளுக்கு வயித்து வலியே கெடையாதுய்யா, கல்லத் தின்னாலும் செமிக்கும்யான்னு அலறுதா. நாந்தான் பைய உக்கார வச்சு, சரின்னு சொல்லு தாயி, சொன்னா முடிஞ்சுதுன்னு சொல்ல வச்சேன்."

"சொன்னாளா?"

"சொல்லாம?"

அந்தக் கிணறு

அந்த வருஷம் சாரல் பிடித்துக்கொண்டது. ஆனி முடியுமுன்பே ஆடி மாதத்துக் குளிர். ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு. ஏட்டையா இரவுக் காவலை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜன்னல் சாத்திய அறை முழுக்க அந்த வாசனை.

படியில் ஆள் வரும் சத்தம். ஒரு சின்னப் பிராயத்துக் கான்ஸ்டபிள் கதவோரம் வந்து நின்றான். வேறு ஸ்டேஷன்காரன்.

"ஏட்டையா, ஒரு கேஸு."

"எந்தூருலே?"

"ஆய்க்குடிக்கு அங்கிட்டு. கெணறு. பொம்பள."

"அது நம்ம லிமிட்டு இல்லியே. எங்கிட்ட எதுக்குச் சொல்லுதே? ஒங்க ரைட்டருக்கு எழுத வரலன்னா இங்கன வந்து பெஞ்சில உக்காரச் சொல்லு. சார்வாள் நல்லாச் சொல்லிக் குடுப்பாரு."

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த தொப்பியின் உட்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முன் பெஞ்சில் சிரிப்பு நின்றது. பிறகு நடு பெஞ்சில். கடைசிப் பெஞ்சுக்காரன் மட்டும் புரியாமல் இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்தினான்.

"ஏட்டையா, நம்ம பேச்சி."

கீழே மூட்டை விழும் சத்தம் கேட்டது. ஏட்டையா எழுந்தார். கழுத்துப் பொத்தானைப் போட்டார். தொப்பியை வைத்துச் சரிபார்த்துக்கொண்டார்.

"சார்வாள், சைக்கிள் இருக்கா?"

பின் கேரியரில் அவரை உட்கார வைத்து மிதித்தேன். எதிர்காற்று. தூறல் ஊசி ஊசியாகக் கண்ணில் குத்தியது. வழி முழுக்க அவர் பேசியது ஒரே ஒரு தடவைதான்.

"போன செவ்வாக்கெழமை வந்தா சார்வாள். குத்தாலத்துக்கு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு. ரெண்டு நாளு இருந்துட்டுப் போதேன்பான்னா. சீசன் டூட்டி, பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க தாயி அல்லாடுதது, ஆடி கழியட்டும்னு சொன்னேன். பலாச்சொளை வாங்கிக் குடுத்து பஸ்ஸில ஏத்தி விட்டேன்."

சைக்கிள் குண்டுக் குழியில் இறங்கி ஏறியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து பேர்

கிணற்று மேட்டில் தென்னங்கிடுகை விரித்து அதில் கிடத்தியிருந்தார்கள். சற்றுத் தள்ளி வேப்ப மரத்தடியில் ஒரு பெஞ்சு. அதில் ஐந்து பேர், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு. வீட்டு வாசலில் பெண்களின் அழுகை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சியின் புருஷன், லீவில் வந்தவன், மாட்டுத் தொழுவைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசி வரைக்கும் அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர். வடக்கேயிருந்து மாற்றலாகி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஏட்டையா மகளைப் பார்ப்பதற்கு முன்னால் அவருக்கு சல்யூட் அடித்தார். குதிகால் சேர்ந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பல் கூசும்.

பிறகு குந்தி உட்கார்ந்தார். எல்லாப் பிணத்தையும் பார்ப்பது போலத்தான் பார்த்தார். முதலில் பாதம். பிறகு விரல் நகம், உள்ளங்கை. முடியில் சிக்கியிருந்த பாசியை எடுத்தார். இடது கையைத் தூக்கினார்.

முழங்கைக்கு மேலே சூடு போட்ட தழும்புகள். தோசைத் திருப்பியின் விளிம்பு அளவுக்கு, ஒன்றின் கீழ் ஒன்றாக. சில வெளுத்தவை. ஒன்று இன்னும் சிவப்பு. நானும் பார்த்தேன். சப்-இன்ஸ்பெக்டர் அப்போது வேறு பக்கம் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

ஏட்டையா கையை மெதுவாக இறக்கி வைத்தார். 

பஞ்சாயத்தாரில் மூத்தவர் எழுந்து வந்து பக்கத்தில் குனிந்தார். ரகசியம் பேசும் குரல்தான், ஆனால் எனக்குக் கேட்டது.

"ஏட்டையா, நடந்தது நடந்துபோச்சு. நீங்க அறியாததா? கேஸு கீஸுன்னு போனா, பிள்ளை இந்த வாசலத் தாண்டாது. அவங்க வீட்டு ரத்தம், அவங்க வச்சுக்கிடுவாங்க. நீங்க மொகத்தக்கூடப் பாக்க முடியாது. வயித்து வலின்னு முடிஞ்சா, பிள்ளைய இன்னைக்கே தூக்கிட்டுப் போங்க. நான் பேசிட்டேன். சம்மதிச்சுட்டாங்க."

"பிள்ளை எங்கன இருக்கா?"

"உள்ளதான்."

"பாக்கணும்."

"மொதல்ல சோலிய முடிப்போம்."

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நேராகத்தான் கேட்டார். "ஏட்டு, நீங்க நம்ம டிபார்ட்மெண்ட் ஆளு. இவங்க அஞ்சு பேரும் தீராத வயித்து வலின்னு சொல்றாங்க. உங்களுக்குச் சந்தேகம் இருக்குன்னா இப்பவே சொல்லுங்க. பாடியை தென்காசிக்கு அனுப்பிடுறேன். நீங்க சொல்றதைத்தான் நான் எழுதுவேன்."

  பெஞ்சிலிருந்த ஐந்து துண்டுகளும் ஏட்டையா பக்கம் திரும்பின. நான் கிணற்றைப் பார்த்தேன். கலங்கிய தண்ணீர் அதற்குள் தெளிந்து, மேகம் அதில் போய்க்கொண்டிருந்தது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. தூங்கி எழுந்த குழந்தையின் குரல். அழுகைகூட இல்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்பதுபோல, "எம்மா" என்று ஒரு தடவை.

ஏட்டையா பேச்சியின் சேலைத் தலைப்பை இழுத்தார். ஈரத் துணி வரவில்லை. உடம்புக்கு அடியிலிருந்து உருவி எடுத்து, பிழிந்து, அந்த இடது கையைத் தோளிலிருந்து விரல் வரைக்கும் மூடினார். மூலையை விலாவுக்கு அடியில் செருகினார், காற்றில் பறக்காதபடி.

"வயித்து வலிதான்யா. சின்னதுலேருந்தே உண்டும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஏட்டு."

"யோசிச்சாச்சுய்யா."

ஒரு நிறம்

சப்-இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் பலகை வைத்து எழுத ஆரம்பித்தார். ஏட்டையா எழுந்து போய் அவருக்குப் பின்னால் நின்றார். போலீஸ் பழக்கம். அதிகாரி எழுதும்போது பின்னால் நிற்பது.

ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் அந்தத் தாளில் இருப்பது அவருக்குக் கூட்டி வாசிக்கும் எழுத்துகள், அவ்வளவுதான். இப்போது அவரால் வாசிக்க முடிந்தது. உதடு அசைந்தது. வகுப்பில் அசையும் அதே உதடு. ஃபவுண்டு இன். நான் தள்ளி நின்றாலும் எந்த வரியில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அஃப்லிக்டெட் வித். அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு மேலே போனது.

திடீரென்று குனிந்தார்.

"அய்யா, பச்சைன்னு போட்டிருக்கீய."

"என்னது?"

"சேலை. டிரெஸ்டு இன் க்ரீன்னு எழுதியிருக்கீய. அது பச்சை இல்லய்யா. மயில்கழுத்து."

சப்-இன்ஸ்பெக்டர் திரும்பி, கிடுகின் மேல் கிடந்தவளைப் பார்த்தார். நனைந்த துணிக்கு ஏது நிறம்? கறுத்துத்தான் கிடந்தது.

"பச்சை மாதிரிதானே இருக்கு, ஏட்டு?"

"இல்லய்யா. போன தீவாளிக்கு நாந்தான் எடுத்துக் குடுத்தேன். காஞ்சா தெரியும். ஒரு பக்கம் நீலம் அடிக்கும், ஒரு பக்கம் பச்சை அடிக்கும். அவளுக்குப் பச்சை புடிக்காதுய்யா."

மரத்தடியில் யாரோ செருமினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். மயில்கழுத்துக்கு ஆங்கிலத்தில் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் உடனே வரவில்லை.

"சரி ஏட்டு. அது பரவாயில்ல. இருக்கட்டும்" என்றார்.

"சரிங்கய்யா."

ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டிலிருந்து காப்பி வந்தது. பஞ்சாயத்தாருக்குச் சாவு வீட்டில் காப்பி கொடுப்பது அங்கே வழக்கம். ஏட்டையாவுக்கும் ஒரு தம்ளர் வந்தது. அவர் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. ஆடை படிகிற வரைக்கும் கையிலேயே வைத்திருந்தார்.

சொன்ன வாக்கை அந்த வீட்டார் காப்பாற்றினார்கள். எரித்துவிட்டு வந்ததும் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வள்ளி என்று பெயர். அழவில்லை. தாத்தாவின் சட்டையிலிருந்த பித்தளைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தேன். தென்காசி வரைக்கும் அவர் கேரியரில் ஏறவில்லை. ஈரக் காக்கியும் குழந்தையின் பால் வாடையும் காற்றில் மாறி மாறி வந்தன.

ஆலங்குளம் பஸ்

அதற்குப் பிறகு அவர் மாடிப்படி ஏறவே இல்லை. பையன்கள் முன் பெஞ்சில் அவர் இடத்தைக் காலியாகவே விட்டிருந்தார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. நான் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தேன். சம்பளம் அதற்குத்தான். மூன்றாவது வடிவத்தைச் சொல்லி, பக்கத்துச் சொல்லைக் கேட்டு, வாக்கியம் அமைக்கச் சொல்லும்போது மட்டும் பையன்கள் அந்தக் காலி இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வேட்டி கட்டியிருந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஜமக்காளச் சுருட்டு. தோளில் வள்ளி. ஆலங்குளம் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கியிருந்தார். தங்கச்சி அங்கே இருக்கிறாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள் என்றார். மீசையை எடுத்திருந்ததால் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

"பரீட்சை அண்ணாச்சி?"

"எழுதல."

"உங்களுக்கு நல்லா வந்துதே. தேறியிருப்பீயளே."

"அதுக்குத்தான் சார்வாள் எழுதல. எழுதத் தெரியும்னு ஆயிட்டா, எழுதச் சொல்லுவான். பொணம் தூக்குதது தேவல. அது வாய் பேசாது, என்னையும் பேசச் சொல்லாது."

 மயில்கழுத்துக்கு ஆங்கிலச் சொல் எனக்கு மறுநாளே நினைவு வந்திருந்தது. பல வாரமாக அதை நாக்கில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அங்கே நின்று அதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

"சுந்தரபாண்டியபுரத்துக்காரிய நேத்துத் தேடிப் போனேன்" என்றார் அவராகவே. "வீட்டுக்கு முன்னால நின்னேன். சாணி தட்டிக்கிட்டு இருந்தா. என்னைய ஆளு தெரியல. யாரு வேணும்னு கேட்டா. வழி கேக்க வந்தேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன்."

பஸ் உறுமியது. கண்டக்டர் பெட்டியை வாங்கி மேலே ஏற்றினான். சாரல் இல்லாத மழை அது, கனத்து நேராக விழுந்தது. ஏட்டையா படியில் ஒரு காலை வைத்தார். தோளில் கிடந்த வள்ளி தலையைத் தூக்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு முனகியது.

"தாத்தா, வயிறு வலிக்கு."

அவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கால் படியில், ஒரு கால் சேற்றில். பின்னால் ஏற வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அவர் நகரவில்லை. பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். 

"பசிக்குன்னு சொல்லு தாயி. பசிக்குன்னு சொல்லு."